பள்ளிக்கூட முற்றத்தில் இரண்டு கண்மாய்

"இந்த வருஷம் தின்கிற சாமான் ஒண்ணும் வைக்கக் கூடாது" என்று ஹெட்மாஸ்டர் கிருபாகரன் சொன்னதும் ஆசிரியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுமலைக்குக் கிழக்கே இருந்த அந்த மிஷன் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாக் கண்காட்சி என்றாலே சுற்றுப்பட்டிக்கெல்லாம் பணியாரமும் சீயமும்தான் நினைவுக்கு வரும். போன வருஷம் கண்காட்சியைத் திறந்து வைக்க மதுரையிலிருந்து வந்த பெரிய மனிதர் முதல் மேஜையில் சீயம் தின்றார், அடுத்த மேஜையில் அதிரசம் தின்றார், அப்படியே வயிற்றைத் தடவிக்கொண்டு குதிரை வண்டியில் ஏறிவிட்டார். கிருபாகரன் ஒரு மாதம் உட்கார்ந்து வர்ணம் தீட்டிய ஐரோப்பா படத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரோ ஒருவர் மட்டும் அதில் எண்ணெய்க் கையைத் துடைத்திருந்தார்.

நாலாம் வகுப்பு ஆசிரியை பாக்கியத்துக்கு அது முதல் வேலை. மதுரை சிம்மக்கல்லில் பிறந்து வளர்ந்தவள். பயிற்சி முடித்து அந்த ஆனியில்தான் வந்து சேர்ந்திருந்தாள். தன் வகுப்பில் போய், "தின்ன முடியாததா இருக்கணும், ஆனா பார்த்தவங்க விட்டுட்டுப் போக மனசில்லாம நிக்கணும். என்ன செய்யலாம்?" என்று கேட்டாள். பாண்டியம்மாள் தூக்கணாங்குருவிக் கூடுகளைப் பெரிசு சிறிசாக வரிசை கட்டித் தொங்கவிடலாம் என்றாள். பால்பாண்டி முழு நீளப் பாம்புச் சட்டை ஒன்று தன்னிடம் இருப்பதாகச் சொன்னான். காளை என்ற பையன் எழுந்து, தங்கள் வீட்டு மஞ்சுவிரட்டு மாட்டையே மேடையில் கட்டிவிடலாம், ஆனால் யாரும் சிவப்புச் சேலை உடுத்தி வரக் கூடாது என்றான். பாக்கியம் சிரித்த சிரிப்பில் சாக்கட்டி கையிலிருந்து விழுந்து உடைந்தது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான், வாய் திறந்தே பழக்கமில்லாத செல்லத்தாய் சொன்னாள்: "தண்ணி ஓடுற கண்மாய் செய்வோம் டீச்சர். மேல ஊத்துனா ஒண்ணு நெறஞ்சு அடுத்ததுக்குப் போகணும்."

வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. புரட்டாசி பிறந்தும் மழை இறங்காத வருஷம் அது. கண்மாய்களில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் நிற்கும் கண்மாயைச் செய்வது என்றதும் பிள்ளைகளுக்கு மழையே வந்துவிட்ட மாதிரி இருந்தது. வாகை மரத்தடியில் குழி வெட்டினார்கள், கூடை கூடையாகக் களிமண் கொண்டுவந்து கரை போட்டார்கள். வைக்கோலில் வீடுகள், கோரையில் பனைமரங்கள், பஞ்சில் கொக்குகள். காளை தன் மாட்டை மண்ணில் செய்து திமிலை மட்டும் வீட்டைவிட உயரமாக வைத்தான். பாக்கியம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர்களோடு மண் மிதித்தாள். சிம்மக்கல்லில் அவள் பார்த்த தண்ணீர் ஆற்றோடு போகும், அவ்வளவுதான். ஒரு கண்மாய் நிறைந்து மிச்சம் கலுங்கு என்கிற வழிகால் வழியாக வழிந்து கீழே இருக்கும் அடுத்த கண்மாய்க்குப் போகும் என்பதை நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

கலுங்கு வைக்கும்போதுதான் தகராறு வந்தது. பால்பாண்டி மேல் கண்மாய் ஊரான மேல்குளத்துக்காரன், ஒரு சாண் உயரம் வைத்தான். அடுத்த கண்மாய் ஊரான கீழ்குளத்துச் செல்லத்தாய் அதைக் காலால் தட்டிவிட்டாள்.

"அது பெறகு கல்லு வச்சு ஒசத்துனது. உங்க அப்பாதான் ஒசத்துனாரு."

"உங்க அப்பாதான் கடப்பாரையோட வந்தாரு."

விசாரித்தபோதுதான் பாக்கியத்துக்கு விஷயம் தெரிந்தது. பால்பாண்டியின் அப்பா நல்லகாமனும் செல்லத்தாயின் அம்மா அன்னக்கொடியும் கூடப்பிறந்த அண்ணன் தங்கச்சி. மழை பொய்த்த ஒரு வருஷம் மேல்குளத்தார் கலுங்கை உயர்த்தினார்கள். அதை இடிக்க வந்த கீழ்குளத்துக் கூட்டத்தில் அன்னக்கொடியின் புருஷன் சின்னச்சாமி முன்னால் நின்றார். நல்லகாமன் வீசிய கம்பு மாப்பிள்ளையின் தோளில் விழுந்தது. அன்றைக்கு, "இனி உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொன்ன அன்னக்கொடி இன்றுவரை அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவே கொள்வினை கொடுப்பினையே நின்றுபோயிருந்தது.

கிருபாகரன் காதுக்கும் இது போயிற்று. "பாக்கியம் டீச்சர், ரெண்டு ஊரும் விழாவுக்கு வரும். அதைப் பார்த்து ஒருத்தன் கம்பை எடுத்தான்னா பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். மண்ணைத் தள்ளி மூடிருங்க" என்றார்.

மூடிவிடுகிறேன் என்று சொல்லத்தான் பாக்கியம் வாயெடுத்தாள். சன்னலுக்கு வெளியே பால்பாண்டியும் செல்லத்தாயும் மண்டியிட்டு, ஒரு பஞ்சுக் கொக்கை எந்தக் கரையில் நிறுத்துவது என்று தலையோடு தலை முட்டிக்கொண்டிருந்தார்கள். "நான் பொறுப்பு சார்" என்றாள். சொல்லிவிட்டு நேரே வாகை மரத்தடிக்குப் போனாள்.

கலுங்கு ஆதியில் கட்டியபோது எம்புட்டு இருந்ததோ அம்புட்டே இருக்கட்டும் என்று பிள்ளைகள் இரண்டும் ஒத்துக்கொண்டன.

விழா அன்று மத்தியானமே முற்றம் நிறைந்துவிட்டது. கிருபாகரன் நல்ல பூட்சு போட்டுக்கொண்டு முதல் மேஜையில் ஐரோப்பாவை விரித்து வைத்திருந்தார். இந்த முறை ஐந்தாறு பேர் அதை நின்று பார்த்தார்கள். மற்றவர்கள் எல்லாம் வாகை மரத்தடியில். மீசை நரைத்த ஆட்கள்கூடக் குந்தி உட்கார்ந்து, "இந்தா நம்ம மடை", "இது நம்ம புளியமரம்டா" என்று விரல் நீட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் அன்னக்கொடி நின்றிருந்தாள். அவள் கண் மேல்குளத்து வைக்கோல் வீடுகளில் ஒன்றிலேயே நிலைத்திருந்தது.

நல்லகாமன் வந்தார். கூட்டம் தானாக விலகியது. கலுங்கைப் பார்த்தார்.

"எங்க கலுங்கு இம்புட்டுதானா? யாரு வச்சது?"

எதிர்ப்பக்கத்திலிருந்து சின்னச்சாமி, "பிள்ளைங்க வச்சது. அதுங்களுக்குச் சூது தெரியாது" என்றார்.

யாரோ ஒருவர் சண்டைக்குத் துண்டை இடுப்பில் வரிந்து கட்டினார். நல்லகாமன் குந்தி உட்கார்ந்தார். சரளைக் கல்லைப் பொறுக்கி ஒவ்வொன்றாகக் கலுங்கின் மேல் அடுக்கினார். அடுக்கி, களிமண் பூசி, விரலால் நீவிவிட்டார். சின்னப் பிள்ளை விளையாடுகிற மாதிரியே இருந்தது. "ஊத்துங்கடா" என்றார்.

பிள்ளைகள் குடம் குடமாக ஊற்றினார்கள். மேல்குளம் நிறைந்தது. கீழ்குளத்துக்கு ஒரு சொட்டு இல்லை. நல்லகாமன் மீசையைத் தொட்டார். இன்னும் ஒரு குடம். கரை ஓரத்தில் நூல் மாதிரி ஒரு கசிவு கிளம்பியது. நூல் கயிறானது.

"கரை ஒடையுது! அண்ணே, மண்ணைப் போடுண்ணே!"

அன்னக்கொடிதான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து விழுந்து, உடைப்பில் இரண்டு கையையும் அணை கொடுத்திருந்தாள். கண்மாய்க் கரை உடைகிறது என்றால் அந்தச் சீமையில் யாரும் நின்று யோசிப்பதில்லை. நல்லகாமன் மண்ணை வாரி வாரி அவள் கைமேல் அப்பினார். சின்னச்சாமி தோள் துண்டை உருவி ஓட்டையில் திணித்தார். யாரோ குறுக்கே படுத்தேவிட்டார். ஒன்றும் நிற்கவில்லை. கரை மொத்தமாகச் சரிந்து, வைக்கோல் வீடுகளையும் பனைமரங்களையும் காளையின் மாட்டையும் அள்ளிக்கொண்டு வெள்ளம் கீழ்குளத்தில் பாய்ந்து, அதையும் நிரப்பி, வழிந்து போய்க் கிருபாகரனின் பூட்சுக்குள் புகுந்தது.

முதலில் சிரித்தது அன்னக்கொடி. நெற்றியில் சேறும் கையில் ஒரு பஞ்சுக் கொக்குமாக உட்கார்ந்து, மூச்சு வாங்க மூச்சு வாங்கச் சிரித்தாள். பிறகு நல்லகாமன். பிறகு முற்றம் முழுக்க. ஹெட்மாஸ்டர் பூட்சைக் கழற்றிக் கவிழ்த்தார். அவராலும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

"எம்புட்டு நாளாச்சு நீ என்னைய அண்ணேன்னு கூப்பிட்டு" என்றார் நல்லகாமன்.

"யாரு கூப்பிட்டா? கரை ஒடஞ்சுச்சு, கத்துனேன்."

"சரி, கத்துன."

அவள் கண்ணைத் துடைக்கப் போய் முகத்தில் இன்னும் கொஞ்சம் சேறு பூசிக்கொண்டாள். பாக்கியம் தன் முந்தானையை நீட்டினாள். அதற்குள் பிள்ளைகள் உடைந்த கரையை மறுபடி கட்டத் தொடங்கியிருந்தார்கள். பெரிய ஆட்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிச் சத்தம் போட்டார்கள். துண்டை இடுப்பில் கட்டிய ஆள் அதே துண்டில் மண் சுமந்தார். கலுங்கின் உயரம் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

பொழுது சாயும்போது வாசலில் நல்லகாமனின் வண்டி பூட்டி நின்றது. "கலுங்குப் பேச்சு அப்படியேதான் கெடக்கு மச்சான்" என்றார் சின்னச்சாமி, தோளைத் தேய்த்துக்கொண்டு.

"கெடக்கட்டும் மாப்ள. பேசிக்கலாம், இல்ல அடிச்சுக்கலாம். இன்னைக்கு அவ எங்க வீட்டுக்கு வரட்டும்."

அன்னக்கொடி ஏற்கெனவே வண்டியின் பின்பக்கம் ஏறிக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். செல்லத்தாயும் பால்பாண்டியும் வைக்கோலில் இடம் பிடிக்கச் சண்டை போட்டார்கள்.

"ஏய், அப்ப சோறு?" என்றார் சின்னச்சாமி.

"பானையில கெடக்கு, போட்டுத் தின்னுங்க. நாளைக்கு வாரேன்."

மாடுகள் நகர்ந்தன. சின்னச்சாமி கீழ்குளத்துப் பாதையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். பள்ளிக்கூட வாசலில் நின்ற பாக்கியத்துக்குப் புழுதியில் முழுசாகத் தெரியவில்லை. அவர் ஓடுவதும், செல்லத்தாய் குனிந்து "அப்பா, அப்பா" என்று கைதட்டுவதும், அவர் ஒரு கையால் வண்டியின் பின்சட்டத்தை எட்டிப் பிடிப்பதும், கால்கள் இன்னும் தரையிலேயே ஓடிக்கொண்டிருப்பதும் தெரிந்தது.