ஒசையாசியின் கட்டைவிரல்

ஒசையாசி ஐந்தாவது கிறிஸ்தவ சபைக்குத் தாவப் போகிறான் என்ற சேதியை ஊருக்குச் சொல்லும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. அவனே போய்த் தன் அத்தை ஃபூசியிடம் உளறிவிட்டான். மடையன். எங்கள் டோங்கா தீவில் அப்பாவோடு பிறந்தவள் 'உட்கார்' என்றால் மருமகன் உட்கார வேண்டும், 'எழுந்திரு' என்றால் எழ வேண்டும். மறுபேச்சு கிடையாது.

"மார்மன் தண்ணியில நீ முங்குறதுக்கு முன்னாடி காதைப் புடிச்சு வெளிய இழுப்பேன்டா" என்றாளாம் ஃபூசி. அவள் பரம்பரை வெஸ்லியன் சபைக்காரி.

அவன் தாவுவதை நானும் கேலி செய்தவள்தான். பன்றிக்கறி இல்லாத விருந்துக்குப் போகவே மாட்டான். பன்றியைத் தொடாத அட்வென்டிஸ்ட் சபையில் சேர்ந்தபோது பதினெட்டு மாதம் அதையே விட்டான். அதைவிடப் பெரிய தியாகம் இந்தத் தீவில் இல்லை. ஆனால் அவன் ஒவ்வொரு சபையின் படியிலும் ஏறிக் கேட்டது ஒரே கேள்வி. நாலு வருஷத்துக்கு முன் அவன் மனைவி பிரசவத்தில் போனாள். மூன்றாம் நாள் குழந்தை செலாவும் போனாள், தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் விழாமலே. "அவங்க ரெண்டு பேரும் மறுபடி எனக்குக் கிடைப்பாங்களா?"

வெஸ்லியன் போதகர் "ஆண்டவர் கையில" என்றார். வெஸ்லியனிலிருந்து பிரிந்துபோன சபைக்காரரும் அதையே கொஞ்சம் உரக்கச் சொன்னார். கத்தோலிக்கச் சாமியார் "நம்பிக்கையா இரு" என்றார். அட்வென்டிஸ்ட்காரர் "தூங்குறாங்க, எழுப்பாதே" என்றார். எங்கள் மார்மன் சபையில்தான், "குழந்தைக்குப் பாவமே இல்ல. நீ முழுக்கு எடு. ஒரு வருஷம் கழிச்சுக் கோயில்ல மூணு பேரையும் சேர்த்து முத்திரை போடுவோம். சாவு பிரிக்காது" என்றார்கள். அன்று அவன் தேம்பியது மூன்று வீடு தள்ளியிருந்த எனக்கே கேட்டது. நான் ஜன்னலோரம்தான் இருந்தேன்.

சனிக்கிழமை முழுக்கு. சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஊரில் கூரிய கண் யாருடையது என்று எங்கள் சபை பிஷப்புக்குத் தெரியாதா, என்னை ஞானஸ்நானத் தொட்டியின் கால்மாட்டில் நிறுத்தினார். தலைமாட்டில் இன்னொருவர். எங்கள் சபையில் முழுக்கு என்றால் முழுசாக முங்க வேண்டும். ஒரு முடி மேலே மிதந்தாலும் செல்லாது, மறுபடி முக்க வேண்டும்.

வெள்ளை உடையில் ஒசையாசி இறங்கினான். தண்ணீர் பொங்கி முன்வரிசைக்காரர்களின் காலை நனைத்தது. அப்போதுதான் கதவு திறந்தது. மரியாதைக்கு உடுத்தும் பாயை இடுப்பில் சுற்றி, இழவு வீட்டுக்கு வருபவள் போல ஃபூசி வந்தாள். நேராக என் பக்கத்தில் வந்து நின்றாள். ஒசையாசியின் முகம் செத்துவிட்டது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏறி வந்துவிடுவான். அதன் பிறகு எந்தச் சபைக்கும் போகமாட்டான்.

"சீக்கிரம் பிஷப்பு" என்று முணுமுணுத்தேன்.

பிஷப் கையைத் தூக்கி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, அவனைச் சாய்த்தார். தலை போயிற்று, தொப்பை போயிற்று. இடது கால் கட்டைவிரல் மட்டும் நண்டு எட்டிப் பார்ப்பது போல மேலே வந்து, ஆடி, மறைந்தது.

பிஷப் என்னைப் பார்த்தார். இன்னொரு முறை என்றால் ஃபூசி வாய் திறக்க நேரம் கிடைத்துவிடும். அடுத்த வீட்டுப் பானையில் என்ன கொதிக்கிறது என்று சொல்லக்கூடிய நான், தலையை ஆட்டிவிட்டேன். "சரியா இருக்கு."

"நில்லு!"

ஃபூசிதான். ஒசையாசி வெளியேற, படியில் ஒரு கால் வைத்துவிட்டான்.

"கட்டைவிரல் வெளிய நின்னுச்சு. நான் பாத்தேன்."

"அத்தை..." என்றான் அவன். குரல் குழந்தையுடையது.

"செலாவுக்கு எண்ணெய் தடவிப் பாயில சுத்தினது நான். ஒரு விரல்கூட வெளிய தெரியாம சுத்தினேன். அவளுக்காகத் தண்ணியில எறங்கினவன, விரல் காயக் காய முக்குறீங்களா? பாதி முழுக்குக்குப் பாதிப் புள்ளையா தருவீங்க? இறங்குடா. மறுபடி முக்குங்க!"

அத்தை சொன்னால் மறுபேச்சு ஏது? இறங்கினான். பிஷப் மறுபடி கையைத் தூக்கிச் சொன்னார். இந்த முறை முழங்கால் மடங்கி, அவன் கல் போல அடியில் போனான். ஃபூசி குனிந்து, மூக்கு நனையும் அளவுக்குப் பார்த்தாள்.

"ம்" என்றாள்.

அவன் எழுந்து அழுதபோது அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஏன்டி வைமோவானா, போன வாரம் எங்க மண்ணுக்குழி அடுப்புல எத்தனை பன்னி வெந்துச்சு?"

"மூணு" என்றேன், யோசிக்காமல்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, தன் வெஸ்லியன் பாடகர் குழு ஒத்திகைக்கு நேரமாயிற்று என்று கிளம்பினாள்.