கீற்றுக் கொட்டகையில் ஓர் இரும்புக் கட்டடத் தொழிற்சாலை

1

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துக் கேட்டால் இன்னும் அசிங்கம். ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் பெரியப்பா சுயம்புலிங்கம், பெருங்குடியில் தொடங்கிய தொழிற்சாலைக்கு இந்த ஆவணியில் திறப்பு விழா வைத்திருக்கிறார். விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம்.

"நீதான் பத்திரிகையில எழுதுதியே. எப்படித் திட்டம் போட்டோம், எப்படிக் கட்டினோம்னு ரெண்டு பக்கம் எழுது."

எழுத உட்கார்ந்தேன்.

"1971ஆம் ஆண்டு, தொலைநோக்குடைய ஒரு வணிகர்

(அடித்துவிட்டேன். பெரியப்பாவின் நோக்கு கல்லாவிலிருந்து கடை வாசல் வரைதான் போகும்.)

"பெருங்குடிச் சதுப்பில் கம்பீரமாக எழுந்து நிற்கும் இந்த

(எழுந்து நிற்கவில்லை. அதுதான் சங்கதி.)

2

திட்டம் என்னவோ அழகான திட்டம். போட்டவன் மயிலாப்பூர் கிச்சா, வடக்கே பெரிய ஆலையில் வேலை பார்த்துவிட்டு வந்த இஞ்சினியர். ஒரு வாசலில் இரும்புத் தகடு நுழையும். வெட்டி, வெல்டிங் வைத்து, துளை போட்டு, சாயம் பூசினால் மறு வாசலில் கட்டடம் வெளியே வரும், தூணும் உத்திரமுமாக. லாரியில் ஏற்றி அனுப்பி, போன இடத்தில் போல்ட்டு முடுக்கினால் தீர்ந்தது. பெரியப்பாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

"ரெடிமேட் சட்டைன்னு சொல்லும்."

"அதேதான் அண்ணாச்சி. ஆனா மொதல்ல நமக்கு ஒண்ணு தச்சுண்டுடணும். தலைக்கு மேல கிரேன் ஓடணுமே. கீத்துலயா அதைத் தொங்கவிட முடியும்?"

"தச்சுட்டாப் போச்சு தம்பி. அதுவரைக்கும் ஒரு கொட்டகை போட்டுக்கிடுவோம்."

அந்த 'அதுவரைக்கும்' இப்போது பள்ளிக்கூடம் போகிற வயதில் இருக்கிறது.

3

முதல் கட்டடத்தைச் சொந்த உபயோகத்துக்கென்றுதான் செய்தார்கள். தூண்களைச் சாயம் பூசி அடுக்கியிருந்தபோது அரிசி ஆலைக்காரர் ஒருவர் சும்மா பார்க்க வந்தார். வாசலில் நிற்பவரை வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லாத வம்சம் எங்களுடையது. கட்டியிருக்கும் வேட்டியைக் காட்டிக் கேட்டாலும் மடித்துக் கொடுத்துவிட்டுத் துண்டோடு வீடு திரும்புவோம். பெரியப்பா விற்றுவிட்டார். அடுத்ததை உரக் கிடங்குக்காரர் கொண்டுபோனார். அதற்கடுத்ததற்கும் ஆள் வந்தது.*

* வருகிறவர்கள் கொட்டகைக்குள் நின்றுகொண்டே, "தொழிற்சாலை எங்க சார்?" என்று கேட்பார்கள். கிச்சா வரைபடத்தை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வான். பெரிய வரைபடம். வசதி.

4

இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாமா என்று பார்த்தேன். ஒரு பிரதியில் தாண்டியும் விட்டேன்.

போன கோடையில் வெல்டிங் தீப்பொறி கூரையில் ஏறியது. காய்ந்த கீற்று. எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். வெல்டர் சுப்பராயன் முகமூடி போட்டிருந்ததால் கடைசியில்தான் பார்த்தான். எரியும் கீற்று அவன் முதுகில் சரிந்தது.

ஆஸ்பத்திரிக்கு நானும் போயிருந்தேன். அவன் மனைவி குப்பம்மா, குப்பத்தில் மீன் விற்கிறவள், வராந்தாவில் நின்றாள்.

"அடுத்த கூரை ஒம் புருசன் தலைக்கு மேலதாம்மா," என்றார் பெரியப்பா.

"ஊருக்கெல்லாம் இரும்புக் கூரை போட்டுக் குடுக்கற. எங்காளு தலைக்கு மட்டும் இன்னாத்துக்கு மொதலாளி தென்னங்கீத்து?" அவள் சத்தம் போடவில்லை. "கூரையை மாட்டிட்டு சொல்லி அனுப்பு. அப்பால அது வேலைக்கு வரும். அதுவரிக்கும் நான் சோறு போட்டுக்கினு கீறேன்."

பேரத்தில் தலை குனிவது எங்கள் ஆட்களுக்குப் பழகின உத்தி. அன்றைக்கு அவர் வாசலில் கழற்றிய செருப்பைத் தேடக்கூட இல்லை. வெறுங்காலோடு வந்து காரில் ஏறினார்.

(வேலை நிற்கக்கூடாதென்று மறுநாளே புதுக் கீற்று வேய்ந்ததையும் எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.)

5

சொன்ன வாக்குப்படி ஒரு கட்டடம் தயாராயிற்று. ஒவ்வொரு தூணிலும் வெள்ளைப் பெயிண்டில் 'சொந்தம்' என்று பெரியப்பா எழுதச் சொன்னார். அழைப்பிதழ்கள் போய்விட்டன, குப்பம்மாவுக்கும் ஒன்று. தூண் நிறுத்த வேண்டியதுதான் பாக்கி. நேற்று சாயங்காலம் ஒரு கார் வந்து நின்றது.

முதல் பிரதியில், காரில் வந்தவரை ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் ஆக்கியிருந்தேன். மழையில் நனையும் பிள்ளைகள், ஒழுகும் வகுப்பு. அவருக்குப் பெரியப்பா விற்றால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். சாயம் போகும் துணியை டியூப் லைட் வெளிச்சத்தில் காட்டித் தள்ளிவிடுவது போலத்தான். வாசித்துப் பார்த்தபோது எனக்கே முகம் சுட்டது. வந்தவர் வடபழனியில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். முகூர்த்தங்களுக்குள் பந்திக்கூடம் வேண்டும் அவருக்கு. பிள்ளைகளைக் கூட்டி வந்தவன் நான். அனுப்பிவிட்டேன்.

"சொந்தம்னு எழுதியிருக்கீங்களே?" என்றார் மண்டபக்காரர்.

பெரியப்பா தூணைப் பார்த்தார். "பெயிண்டுதானே."

கிச்சா வரைபடத்தைத் தேடினான்.

"வெள்ளிக்கிழமை சொல்லுதேன்," என்று மண்டபக்காரரை அனுப்பிவிட்டுப் பெரியப்பா என்னிடம் வந்தார். "விழா நடக்கும்லே, நின்னா அசிங்கம். கூரை இல்லைன்னா துணிப்பந்தல் போட்டுக்கிடலாம். நீ ரெண்டுக்கும் பொருந்துத மாதிரி எழுதிரு."

6

முடிவுகளை விரித்துப் போடுகிறேன். தொட்டுப் பாருங்கள்.

பெரியப்பா மண்டபக்காரரிடம் 'இல்லை' என்கிறார். (முதல் தரம். ஆனால் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.)

விற்றுவிடுகிறார். நான் குப்பத்துக்குப் போய் அவள் வீட்டு வாசலில் நின்று

(வேண்டாம்.)

பாதியை விற்கிறார். (சிரிக்காதீர்கள். "பாதிக் கூரை நிக்குமா தம்பி?" என்று இன்று காலை கிச்சாவிடம் கேட்டே விட்டார்.)

7

அச்சகத்து ஆள் வந்து காத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை வரை அவர் பொறுக்கமாட்டார். இரண்டுக்கும் பொருந்த எழுத எனக்குத் தெரியும், வளர்ந்ததே அந்தக் கல்லாவுக்குப் பக்கத்தில்தான். தெரிகிறதே என்றுதான் வெட்கம். அதனால் முடிவில்லாமலே கொடுத்தனுப்புகிறேன். பெரியப்பா வாசிக்கமாட்டார், இரண்டு பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

விழாவுக்கு வந்திருப்பீர்கள். மேடைப் பேச்சு சலித்துப்போய் மலரைப் புரட்டுகிறீர்கள். ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேல் என்ன இருக்கிறதோ, அதுதான் இந்தக் கதையின் முடிவு.

இரும்பாக இருந்தால் கை தட்டுங்கள், நானும் எங்கேயாவது நின்று தட்டிக்கொண்டிருப்பேன்.

துணியாக இருந்தால், பக்கத்து நாற்காலியைப் பாருங்கள். வருவதாகக் குப்பம்மா சொல்லியிருக்கிறாள். அவளுக்கு இந்த மலர் எதற்கு, அவளும் அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் தலையைக் கீழே இறக்குவதற்குள் யாராவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதை என்னால் எழுத முடியவில்லை. பக்கத்தில் இருப்பது நீங்கள்.