குதிக்கால் மருந்து

தை மாதத்து வாடைக் காற்றுக்குப் பேசாலையில் ஈவிரக்கம் கிடையாது. மழை ஓய்ந்த கையோடு வடகடலிலிருந்து ஏறிவந்து, ஆளின் தோலில் இருக்கிற கொஞ்சநஞ்ச ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டுதான் போகும். சிரித்தால் உதடு பிளக்கும். கையைச் சொறிந்தால் வெள்ளைக் கோடு விழும். தலைமயிர் உப்பும் காற்றும் பட்டுச் சிக்காகிச் சீப்பின் பல்லை முறிக்கும். ஊர் முழுக்கத் தேங்காயெண்ணெய் மணக்கிற காலம் அது.

எடித்தின் வீட்டில் மட்டும் அந்த எண்ணெய்க்கு ஓர் எதிரி இருந்தான். அவளுடைய புருசன் வலன்ரைன். சுறாவுக்குப் பயப்படாத மனிதன் எண்ணெய்ப் போத்தலைக் கண்டால் வேலி பாய்வான். சனிக்கிழமைகளில் அவனைப் பிடித்துக் கதிரையில் இருத்தி உச்சியில் எண்ணெய் வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். “என்னைப் பொரிக்கப் போறியோ?” என்று கேட்பான்.

தலைகூடப் பரவாயில்லை, அவனுடைய குதிக்கால்தான் பெரிய வழக்கு. வாடை தொடங்கினால் இரண்டு குதிக்காலும் பாளம் பாளமாக வெடித்து, உப்புத்தண்ணீர் பட்டு இரத்தம் கசியும். எடித் மாதா கெபியடியில் உருகி வழிந்த மெழுகைச் சுரண்டி வந்து, தேங்காயெண்ணெயில் காய்ச்சி, மஞ்சள் தூவி, ஒரு தகரப் பேணியில் ஆறவைத்துக் கொடுப்பாள். படுக்கும்போது காலைக் கழுவித் துடைத்துப் பூசினால் ஒரு கிழமையில் தோல் கூடிவிடும். பூசினால்தானே கூடும். ஒருமுறை அந்த மருந்தால் வள்ளத்தின் ஓட்டையை அடைத்துவிட்டு வந்து, “நல்ல மருந்தடி, வள்ளத்துக்குச் சுகம்” என்றான். அவன் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்.

வாடைக்கு வடகடல் கொந்தளிக்கும் என்பதால், அந்த மாதங்களில் பேசாலை ஆட்கள் சிலாவத்துறைப் பக்கம் போய், கரையில் கிடுகால் வாடி என்கிற குடிசை அடித்து, அங்கேயே கிடந்து தொழில் செய்வார்கள். போன வருசம் அப்படிப் போன வலன்ரைன், கருவாட்டு வியாபாரி நுஃமானிடம் சொல்லி அனுப்பினான்: “கால் வெடிச்சுப்போச்சு, நடக்க ஏலாது, உடனே வரட்டாம்.” எடித் பதறிப்போய்ப் பேணியும் கையுமாக இரண்டு பஸ் மாறி ஓடினாள். அங்கே அவன் அடுப்படியில் நின்று மீன் பொரித்துக்கொண்டிருந்தான்.

“கால் வெடிச்சது உண்மைதானே,” என்று சிரித்தான். “நீ இல்லாமல் சோறு இறங்கேல்லை.”

அவள் வாடி முழுவதும் கேட்க ஏசினாள். ஏசிவிட்டு இரண்டு நாள் நின்றாள். அந்த இரண்டு நாளும் அவள் சந்தோசமாக இருந்தாள் என்பதை அவனுக்குக்கூடச் சொல்லவில்லை.

இந்த வருசம், எண்பத்தாறாம் ஆண்டு தை மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் பூசை முடிந்து வந்துகொண்டிருந்தாள். சந்தியில் இருந்த ஆமிச் சென்ரியில் நுஃமானின் லொறியை மறித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற இரண்டு ஆமிக்காரரில் ஒருவனுக்குத் தமிழ் விளங்கும். அது ஊருக்கே தெரியும்.

“தங்கச்சி,” என்று கூப்பிட்டார் நுஃமான். “வலன்ரைனுக்குக் கால் வெடிச்சுப்போச்சு. நடக்க ஏலாது. உடனே வரச் சொன்னவர். பங்குச் சுவாமியையும் கூட்டிக்கொண்டு போனா நல்லம்.” சொல்லிவிட்டுக் கண்ணைக் காட்டினார்.

போன வருசமும் இதே மனிதர், இதே சொல், இதே கண்சாடை. சூடுகண்ட பூனை அடுப்பங்கரையை நாடுமா? எடித் வாய்விட்டுச் சிரித்தாள்.

“இந்த முறை சுவாமியும் வேணுமாமோ? வெடிச்ச காலுக்கு அவஸ்தைப் பூசுதல் குடுக்கவோ?”

அவஸ்தைப் பூசுதல் என்பது சாகக் கிடப்பவருக்குச் சுவாமியார் எண்ணெய் பூசிச் செபிப்பது. அதை வைத்துப் பகிடி பண்ணக்கூடாது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அவள் பண்ணினாள். பிறகு வீட்டுக்கு ஓடிப்போய்ப் பேணியை எடுத்துவந்து நீட்டினாள்.

“ஒழுங்காப் பூசச் சொல்லுங்கோ நானா. பூசாமல் வந்தா வீட்டுப் படி ஏறவேண்டாம்.”

நுஃமான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடையாள அட்டையைக் கையில் கொடுத்து லொறியை எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அதே லொறியில் வலன்ரைன் வந்தான், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில், வெள்ளைச் சீலையால் மூடி.

நுஃமான் முற்றத்து மணலில் அப்படியே குந்திவிட்டார். “கடலில வைச்சு வெடி பட்டது தங்கச்சி, இடக்காலில. ஆர் சுட்டதெண்டு தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். காயத்தைக் கண்டா ஆமி ஆளைக் கொண்டுபோயிடுவாங்கள் எண்டு. நீங்களும் சுவாமியும் கூட வந்தா ஒரு துணிவு. சென்ரியில வைச்சு வெடி எண்டு எப்பிடிச் சொல்லுறதெண்டு அவரிட்டக் கேட்டன். போன வருசம் சொன்னதையே சொல்லு, அவள் பயப்படாமல் வருவாள் எண்டு அவர்தான் சொன்னவர். திரும்பி வந்து உண்மையைச் சொல்லுவமெண்டால் மற்ற நாள் பாதையைப் பூட்டிப்போட்டாங்கள். காய்ச்சல் ஏறி, நேற்றுப் பின்னேரம்...”

“நான் சிரிச்சனான் நானா,” என்றாள் எடித். தன் வாயை அறுத்து எறியலாம் போல இருந்தது.

பெண்கள் அவளைப் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் அவளாகவே எழுந்து எண்ணெய்ப் போத்தலோடு வந்தாள். வலன்ரைனின் தலைமயிர் உப்புப் படிந்து கயிறாகக் கிடந்தது. உச்சியில் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, வகிடு பிரித்துச் சீவினாள். அவன் எங்கும் ஓடவில்லை. அப்போதுதான் அவள் குரலெடுத்து அழுதாள்.

சவப்பெட்டியில் வைக்கும் நேரம் வந்தது. மச்சாள் லூசியா காலுக்குப் போடப் புது வெள்ளை மேசுச் சோடியை நீட்டினாள். இடக்கால் முழங்கால்வரை துணிக்கட்டோடு வீங்கியிருந்தது. அதற்கு மேசு ஏறாது. எடித் வலக்காலைத் தூக்கி மடியில் வைத்தாள். கை குதிக்காலில் பட்டதும் குனிந்து பார்த்தாள்.

குதிக்கால் வழுவழுவென்று இருந்தது. ஊத்தை இல்லை. ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் மஞ்சள் மெழுகு நிரம்பியிருந்தது.

வாசலில் நின்ற நுஃமான் தலையைக் குனிந்துகொண்டார். “மற்றக் காலுக்குப் பூசிவிடச் சொன்னவர். ரெண்டு இரவும் நான்தான் கழுவித் துடைச்சுப் பூசினனான். எடித் வந்தா முதல் காலைத்தான் பாப்பாள், பூசாட்டி ஏசுவாள் எண்டவர்.”

லூசியா மெல்ல மேசு ஒன்றை எடுத்து விரித்தாள். எடித் அவள் கையைத் தள்ளிவிட்டாள்.

“வேண்டாம். இந்தக் கால் ஆறிக்கொண்டு வருது. மூடாதேங்கோ.”