யாருக்கும் தராத பெயர்

அண்ணன் எழுதிய நிரலில் ஒரு கோப்பு மட்டும் புதிய கணினிக்கு வர மறுத்தது. நோயாளியின் நாடித்துடிப்பு இறங்கினால் நர்சுகள் அறையில் மணியடிக்கும் நிரல் அது. நாளைக் காலை அது ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தக் கோப்பு இல்லாமல் மணி அடிக்காது.

அண்ணன் லினக்ஸைத் தவிர வேறெதையும் தொடாதவன். அதில் கோப்புக்கு எந்தப் பெயரும் செல்லும். ‘ஆக்ஸ்’ (aux) என்று பெயர் வைத்துவிட்டுச் செத்துப்போனான். புதிய கணினி விண்டோஸ்.

“பேரை மாத்திடறேன், அண்ணி.”

அண்ணியும் இதே ஆபீஸ்தான். நாங்கள் எழுதும் நிரல்களைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை.

“கை வச்சே, விரலை ஒடிச்சிடுவேன். அவர் கடைசியா எழுதினது. உள்ள என்ன வேணா மாத்து, பேர் இருக்கட்டும்.”

“விண்டோஸ் விடாது. அந்தப் பேர் ஏற்கெனவே வேற ஒருத்தனுக்கு.”

“யாரு அவன்?”

“அந்தக் காலத்துல கம்ப்யூட்டருக்குப் பின்னால வயர் சொருகுற ஓட்டை. இப்ப அதை யாரும் தேடறதில்ல. ஆனா பேரை மட்டும் பிடிச்சு வச்சிருக்கு. எந்தக் கோப்புக்கும் தராது.”

“ஆளே வராத இடத்துக்குத் துண்டு போட்டு வச்சிருக்கா?” அண்ணி சிரித்தாள். கேட்க நன்றாயில்லை. “உள்ள உங்கம்மா உக்காந்திருக்காங்களா, பாரு.”

வீட்டில் அம்மா இன்னும் அண்ணனுக்குத் தட்டு வைக்கிறாள். சோறு போடுவதில்லை. அதைத் தாண்டிக் கை நீட்டித்தான் உப்பை எடுப்போம். சாப்பிட்டு முடித்ததும் எங்கள் தட்டுகளோடு அதையும் கழுவுகிறாள்.

அண்ணி என்னை நகரச் சொல்லி உட்கார்ந்தாள். ‘அலாரம்’ என்று புதுப் பெயர் அடித்தாள். நிரலுக்குள் அண்ணன் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி மாற்றினாள். பிறகு நாடி பார்க்கும் கிளிப்பைத் தன் விரலில் மாட்டி, உருவினாள்.

மணி அடித்தது. அவள் நிறுத்தவில்லை. பக்கத்து அறையிலிருந்து யாரோ கத்திய பிறகு நான்தான் நிறுத்தினேன்.

“வேலை செய்யுது” என்றாள்.

வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் அண்ணி தன் நாற்காலியை விட்டு எழுந்தாள். நேராக அந்தத் தட்டின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“அது அவன் இடம்” என்றாள் அம்மா.

“தெரியும் அத்தை. சோறு போடுங்க.”

அம்மா கரண்டியில் சோற்றை அள்ளினாள். தட்டில் போட்டாள். அண்ணி பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

அம்மா உள்ளே போய் இன்னொரு தட்டைக் கொண்டுவந்தாள். துடைத்து, அண்ணி எழுந்துவந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தாள். அதில் சோறு போடவில்லை.