கட்டிக்கு ஒரு காரணம்

கண்ணை மூடியதும் அவள் மறுபடியும் அந்த நீண்ட வராண்டாவில் நின்றாள். இரண்டு பக்கமும் கதவுகள். வைத்தியரின் குரல் மட்டும் எங்கிருந்தோ மிதந்து வந்தது. ஒவ்வொரு கதவாகத் திறக்க வேண்டுமாம். ஏதோ ஓர் அறையில் அவளை உலுக்கிப் போட்ட அதிர்ச்சி ஒளிந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டால் போதும், கட்டி தானாகக் கரைந்துவிடும்.

திறந்தாள். ஓர் அறையில் அவள் வேலை பார்க்கும் வண்ணமீன் கடை. தொட்டிகளின் நீல வெளிச்சத்தில் மீன்கள் சத்தமில்லாமல் ஏதோ பேசிக்கொண்டிருந்தன. அடுத்ததில் சமையலறை, கணவர் வெங்காயம் உரித்தபடி முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தார். இன்னொன்றில் அம்மாவின் சாவு. அழுகை இருந்தது, ரொம்ப நாள் எதிர்பார்த்திருந்த அழுகை. உலுக்கல் எங்கேயும் இல்லை.

வைத்தியரின் அறையில் கண் விழித்தாள். இடது மார்பில் கட்டி அப்படியே இருந்தது.

ஊசி வழியாகக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கணும், தள்ளிப் போடாதீங்க என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லி மாதக்கணக்காகிவிட்டது. அதிர்ச்சி பிடிபடும்வரை ஊசி கூடாது, உடம்பு மிரண்டுவிடும் என்கிறார் வைத்தியர். இடது பக்கம் வந்தால் வீட்டு ஆள் கொடுத்த அதிர்ச்சியாம். வலது பக்கம் வந்தால் வெளி ஆள்.

"நடுவுல வந்தா வீட்டோட மாப்பிள்ளையா?" என்று அவள் கேட்க, கூட்டி வந்திருந்த அக்கா தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

மறுநாள் அக்கா கடைக்கே வந்துவிட்டாள். இவள் ரப்பர் குழாயால் தொட்டித் தண்ணீரை வாளிக்கு இறக்கிக்கொண்டிருந்தாள். அதிர்ச்சி எதுவாக இருக்கும் என்று அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். மாமியார் எல்லார் முன்னாலும் திட்டியது? அது பழகிப்போச்சு. தொலைந்த சங்கிலி? கவரிங். உனக்கு எருமைத் தோலுடி என்று அக்கா அலுத்துக்கொண்டாள். அப்புறம் குரலைத் தணித்தாள்.

"அந்த விஷயத்தைத்தானே மனசுல போட்டுப் பூட்டி வெச்சிருக்கே? உன்கூட இனிமே வாழ முடியாதுன்னு உன் வீட்டுக்காரர் பெட்டியோட எங்க வீட்டுக்கு வந்தாரே. உங்க அத்தான்தானே பேசிப் பேசித் திருப்பி அனுப்பினாரு."

குழாய் வாளியிலிருந்து நழுவியது. தண்ணீர் தரையில் ஓடியது. சத்தமெல்லாம் எங்கோ தூரமாகப் போய்விட்டது; அவளே ஒரு தொட்டிக்குள் நிற்பதுபோல, அக்காவின் வாய் திறந்து திறந்து மூடியது. வெளியூர் வேலை என்றல்லவா சொன்னார்? திரும்பி வந்தபோது சிவப்பு மழைக்கோட்டு வாங்கி வந்தாரே!

அக்கா பாதியில் நிறுத்தினாள். "அடிப்பாவி. உனக்குத் தெரியாதா?"

தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஓகோ, இதுதான் அதிர்ச்சியா? இது இன்றைக்குத்தான் வந்திருக்கிறது. கட்டியோ போன மழைக்காலத்திலேயே வந்தாயிற்று.

"எனக்கே இப்பத்தான் தெரியும்க்கா. கட்டிக்கு யாரு சொன்னா?"

மனசுக்கு முன்னாலேயே உடம்புக்குத் தெரிஞ்சிடும்னு வைத்தியர் சொல்வாரே என்றாள் அக்கா. குரலில் உயிரில்லை.

"அவர்கிட்ட எதுக்கும் ஒரு பதில் இருக்கும். என்கிட்ட கட்டி இருக்கு."

குழாயை எடுத்து மாட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு கணவருக்குப் போன் போட்டாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வரச் சொன்னாள். திடீரென்று என்ன ஆச்சு, வலிக்குதா என்று அவர் பதறினார். அந்தப் பதற்றம் பொய்யாகத் தெரியவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அது காத்திருக்கும். கட்டி காத்திருக்காது. சீக்கிரம் வாங்க."

முதலாளியிடம் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள். வெயிலில் கடைகளும் ஆட்களும் தண்ணீருக்குள் தெரிவதுபோல நெளிந்தார்கள். பின்னால் செருப்பைச் சரியாக மாட்டாமல் தத்தித் தத்தி அக்கா ஓடி வந்தாள்.

"இருடி. நானும் வர்றேன்."

அவள் நிற்கவில்லை. ஆனால் கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.