ஒரே டிக்கெட்டில் இரண்டு பேர்

சங்கர்ஹவுசன் ரயில் நிலையத்துக்கு ரமோனா வந்தபோது சில்வியோ டிக்கெட்டை வாங்கி, இருவர் பெயரையும் எழுதி முடித்திருந்தான். அவன் பெயர் மேலே, அவள் பெயர் கீழே.

"குடு இங்க. பாதிக் காசு என்னுது" என்றாள்.

"காசைத் திரும்ப வாங்க அசல் டிக்கெட்டை ஆபீஸ்ல ஒருத்தர்தான் ஒப்படைக்க முடியும். அது என்கிட்ட இருக்கட்டும்."

"இன்னும் சூப்பர்வைசர்னு நெனப்பு போகலையோ?"

"நீயும் இன்னும் லேட்டாத்தான வர்ற."

வேலைவாய்ப்பு அலுவலகம் செய்த கூத்து இது. ஹாலே நகரத்தில் வேலைவாய்ப்பு முகாம். போகாவிட்டால் உதவித்தொகையில் கை வைப்பார்கள். போய்வரும் செலவைத் தருகிறோம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் ஒரே ஊரிலிருந்து இரண்டு பேர் போவதால், பலர் சேர்ந்து போகும் ஒருநாள் டிக்கெட் ஒன்று போதும் என்று அங்கிருந்த போலென்ஸ் அம்மாள் முடித்துவிட்டாள். அதில் பெயர் இருப்பவர்கள் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வர வேண்டும். "அவர்கூட ஒரே பெட்டியில என்னால உட்கார முடியாது" என்று ரமோனா சொல்லிப் பார்த்தாள். "அதுக்கு எங்ககிட்ட தனி விண்ணப்பம் எதுவும் இல்லைங்க" என்றாள் போலென்ஸ் அம்மாள், கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பிஸ்கட் ஆலையில் சில்வியோவுக்குக் கீழே பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள் ரமோனா. போன இலையுதிர்காலத்தில் ஒரு மதியம், பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் பின்னால் வந்து சிலருடைய தோளைத் தொட்டுக்கொண்டே போனான். தொடப்பட்டவர்கள் கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போக வேண்டும். ரமோனாவின் தோளையும் தொட்டான். இரண்டு மாதம் கழித்து அவனையும் அனுப்பிவிட்டார்கள். ஊரே சிரித்தது. கறிக்கடை வரிசையில் நின்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் அவள்தான்.

ஆனால் சிரிப்பு எத்தனை நாளைக்கு? மார்ச்சோடு அவளுடைய உதவித்தொகை முடிகிறது. அதற்குப் பிறகு கிடைப்பது ஏழைகளுக்கான பணம். அதை வாங்க வேண்டுமானால் சேமிப்பு எவ்வளவு, தனியாளுக்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். மகன் படித்த அறையை அவர்கள் அளப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எப்படியாவது இன்று ஒரு வேலை வாங்கிவிட வேண்டும்.

முகாம் அரங்கத்தில் பலூன் கட்டியிருந்தார்கள். பாதிக் கூட்டம் வேலை தேடி வந்ததாகத் தெரியவில்லை. வந்து போனதற்கு முத்திரை வாங்கிக்கொண்டு, கிண்ணத்திலிருந்த மிட்டாயை அள்ளிக்கொண்டு நகர்ந்தார்கள். ரமோனா நேராக உறைய வைத்த ரொட்டி செய்யும் கம்பெனியின் மேசைக்குப் போனாள். பேக்கிங் பிரிவுக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். அங்கே இருந்தவள் வெண்ட்லாண்ட், சிவப்புக் கோட்டுக்காரி.

"முத்திரை மட்டும்னா பக்கத்துல வாங்கிக்குங்க."

"முத்திரைக்கு வரலைங்க. வேலைக்கு வந்திருக்கேன்."

அந்தப் பதில் வெண்ட்லாண்டுக்குப் பிடித்துவிட்டது. பெல்ட்டின் வேகம், இரவு ஷிப்ட், புது ஆட்களைப் பழக்குவது எல்லாம் கேட்டாள். ரமோனாவுக்கு எதற்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நாற்காலியின் நுனியில் இருந்தவள் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்போது பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு சில்வியோ உட்கார்ந்தான்.

"நானும் அந்த வேலைக்குத்தான்."

ஒரே ஆலை என்று தெரிந்ததும் வெண்ட்லாண்ட் உற்சாகமாகிவிட்டாள். "ரொம்ப வசதியாப் போச்சு. ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் சொல்லுங்களேன்!"

சில்வியோ தொண்டையைச் செருமினான். "கை வேகம். லீவு போட மாட்டாங்க. வாய்தான் கொஞ்சம் நீளம். தொழிலாளர் குழு அமைக்கணும்னு மூணே நாள்ல பாதி ஆலைகிட்ட கையெழுத்து வாங்கினவங்க."

வெண்ட்லாண்டின் சிரிப்பு உதட்டோடு நின்றது. ரமோனாவுக்குக் காது மடல் வரை சுட்டது. இவனைச் சும்மா விடக் கூடாது.

"இவரைப் பத்தியா? சொல்றேன். ஒரே மதியத்துல பதினொரு பேரை வெளியே அனுப்பினார். பேர்கூடச் சொல்லலை. பின்னால வந்து தோளைத் தொட்டாரு, அவ்வளவுதான். ஒருத்தி அங்கேயே அழுதா, திரும்பிக்கூடப் பார்க்கலை. இந்த ஆளுக்கு ரத்தம்தான் ஓடுதான்னு கேளுங்க."

"அப்போ பெல்ட் நின்னுச்சா?" என்று கேட்டாள் வெண்ட்லாண்ட்.

"என்ன?"

"பதினொரு பேர் போனாங்களே. பெல்ட்டை நிறுத்துனாங்களா?"

"இல்ல" என்றாள் ரமோனா. "ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு."

வெண்ட்லாண்ட் நாற்காலியைச் சில்வியோ பக்கம் திருப்பினாள். அதன் பிறகு ரமோனாவை யாரும் எதுவும் கேட்கவில்லை.

வெளியே வறுத்த சாசேஜ் விற்கும் வண்டியருகே அவள் நின்றிருந்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருபது வருடமாக எல்லோரும் அவளுக்குச் சொன்ன புத்திமதி அது. சில்வியோ ஒரு சாசேஜ் வாங்கி, கடுகுச் சாந்தை வழிய விட்டுக்கொண்டு வந்தான்.

"அடுத்த மாசம் சேர்றேன். உன் சிபாரிசுதான். நன்றி."

"விக்கிச் சாவு."

"கோபப்படாத. அங்க பேக்கிங்குக்கு ஆள் பஞ்சம். உன் பேரைக் குடுத்திருக்கேன். இவளை அடக்க எனக்குத் தெரியும், நான் பொறுப்புன்னு சொன்னேன். ஆபீஸ் வழியா லெட்டர் வரும். வேண்டாம்னு சொன்னா உதவித்தொகையை நிறுத்துவாங்க." மென்றுகொண்டே சிரித்தான். "எனக்குக் கீழதான் மறுபடியும்."

அடித்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அவன் சொன்னதில் ஒரு சொல் அவள் காதில் தங்கிவிட்டது.

"நீ பொறுப்புன்னா சொன்ன?"

"ஆமா."

"அங்க தொழிலாளர் குழு இருக்கா?"

அவன் சாசேஜைப் பெரிதாக ஒரு கடி கடித்தான்.

"உனக்கும் ஆறு மாசம் ப்ரொபேஷன்தானே சில்வியோ? குழு ஆரம்பிச்சேன்னு என்னை அனுப்பினா நான் கோர்ட்டுக்குப் போவேன். எனக்குச் சட்டம் இருக்கு. எனக்காகப் பொறுப்பேத்த உன்னை அனுப்பினா? நீ எங்க போவ?"

மெல்லுவது நின்றது. "விளையாடாத. சரி விடு, உன் பேரை எடுத்துடச் சொல்றேன்."

"போய்ச் சொல்லு. ஏன்னு கேப்பாங்க. என்ன சொல்வ? அரை மணி நேரத்துக்கு முன்னாடி அடக்கத் தெரியும்னு சொன்னேன், இப்போ பயமா இருக்குன்னா?"

"ரமோனா, இங்க பாரு..."

அவள் பார்க்கவில்லை. முகாமுக்குள் திரும்பி நடந்தாள். சூப்பர்வைசர் வேலை போனது போனதுதான். அதை அவளே தூக்கி அவன் கையில் கொடுத்திருந்தாள். சம்பளம் குறைவு, இரவு ஷிப்ட், மறுபடியும் அவன் முகம். ஆனால் மார்ச்சில் எவனும் அளவு நாடாவோடு வாசலில் வந்து நிற்க மாட்டான்.

வெண்ட்லாண்ட் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பேக்கிங்குக்கு ஆள் வேணும்னீங்களாம். லெட்டர் எல்லாம் எதுக்குங்க, நான் இங்கதானே இருக்கேன்."

"ராத்திரி ஷிப்ட். சம்மதமா?"

"சம்மதம். எப்போ வரணும்?"

பின்னால் சில்வியோ கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தான். சட்டைக் கையெல்லாம் கடுகுச் சாந்து. வெண்ட்லாண்ட் அவனைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க சொன்னமாதிரியே வந்துட்டாங்க பாருங்க."

"ஆமாங்க" என்றான் சில்வியோ. கறைபட்ட சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.