வெட்டிப் பார்க்காத துண்டு

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. பேருந்தில் ஏறும் முன் நடத்துநரிடம் இடத்தைச் சொல்லிக் கேட்பாள். உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பாள். அவர் தலையாட்டினாலும், அவரே சரியான வண்டியில்தான் ஏறியிருக்கிறாரா என்ற சந்தேகம் இறங்கும்வரை அவளை விடாது.

ஆகவே, வெளிவட்டச் சாலையில் இருக்கும் பெரிய தொழிற்சாலை இரண்டு மடங்கு சம்பளத்துக்கு வெல்டர்களைத் தேடுகிறது என்ற செய்தி வந்தபோது, இவள் அதில் என்ன குற்றம் கண்டுபிடிப்பாள் என்று வீடே காத்திருந்தது. அவள் அதிக நேரம் காக்க வைக்கவில்லை.

"அந்த போர்டு வெளுத்துப் போயிருக்கு" என்றாள்.

"எந்த போர்டு?" என்றான் தம்பி.

"கேட்ல மாட்டியிருக்காங்களே, 'வெல்டர்கள் உடனடியாகத் தேவை'ன்னு. அதுல 'உடனடி'யே வெயில்ல பாதி அழிஞ்சிருக்கு. அவ்வளவு அவசரம்னா இதுக்குள்ள ஆள் கிடைச்சிருக்காதா?"

"நல்ல ஆள் கிடைக்கலைன்னு அர்த்தம்க்கா. உன்னை மாதிரி."

"வலிய வர்ற சீதேவியை எட்டி உதைக்காதே" என்றாள் அம்மா, மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்போடு. இரண்டு மடங்கு சம்பளம் வந்தால் இந்த மூன்றாவது மாடியை விட்டுத் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்க்கலாம். அம்மாவின் முழங்கால் அதைத்தான் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

தம்பி கம்ப்யூட்டர் படித்தவன். அவன் வேலை பார்த்த நிறுவனம் ஒரே நாளில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பி எட்டு மாதம் ஆகிறது. அதன்பிறகுதான் உறவுக்குள் அவளுக்கு மதிப்பு கூடியது. "பொம்பளைப் பிள்ளை எதுக்கு நெருப்போட மல்லுக்கட்டணும்?" என்று ஒரு காலத்தில் கேட்ட பெரியப்பா, இப்போது தன் மகனுக்கு வெல்டிங் பள்ளியில் இடம் கிடைக்குமா என்று போனில் கேட்கிறார். எதிர்காலமே கைத்தொழிலில்தான் இருக்கிறதாம். அவரும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார் என்றதும் அவளுக்கு எதிர்காலத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

இருந்தாலும் போனாள். இரும்புக் கதவும் கம்பிச் சட்டமும் செய்யும் சின்னப் பட்டறையில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள். அங்கே வயிற்று வலி என்று சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை தொழிற்சாலைக்குப் போனாள். மூன்று சனிக்கிழமை, மூன்று தேர்வு என்றார்கள். மூன்றிலும் தேறினால், பட்டறையிலிருந்து விலகிவிட்டதாகக் கடிதம் வாங்கி வர வேண்டும். அதைக் காட்டினால்தான் வேலை உத்தரவு கைக்கு வரும்.

அந்த வரிசைதான் அவளை உறுத்தியது. முதலில் கடிதம், பிறகு உத்தரவு. நடுவில் அவள் எங்கே நிற்பாள்? வீட்டில் இப்போது வருவது ஒரு சம்பளம். அதையும் விட்டுவிட்டு, இதுவும் கிடைக்காமல் போனால்?

"தேர்வுன்னா எல்லா இடத்திலயும் இப்படித்தான்க்கா" என்றான் தம்பி. மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்கும் ஒரு கம்பெனி நாலாவது சுற்று குடுத்திருக்கு. முதல்ல ஒரு படிவத்துக்குக் கோட் எழுதித் தரச் சொன்னாங்க. அப்புறம் ஒரு தேடல் பெட்டி, ஒரு காலண்டர். இப்போ பில் போடுற பக்கம்."

"முதல் மூணுல என்ன தப்புன்னு சொன்னாங்களா?"

"நல்லா இருக்குன்னாங்க."

"நல்லா இருந்தா ஏன் நாலாவது?"

"உன்கிட்ட பேசினா சோறு கூட விஷமாத் தெரியும்" என்று அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.

மூன்றாவது சனிக்கிழமை. தகரக் கூரைக்குக் கீழே ஆறு தடுப்புகள், ஆறு பேர். வெள்ளைத் தலைக்கவசம் போட்ட அதிகாரி ஒருவர் நடுவில் உலாத்தினார். அவரை எல்லோரும் வெள்ளைத் தொப்பி என்றார்கள். அவள் மேசையில் இரண்டு சதுரக் குழாய்கள் இருந்தன. ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிறுத்தி, மூலையில் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஒரு குழாயில் நான்கு துளைகள் அழகாகப் போடப்பட்டிருந்தன. மறுமுனையில் நீலப் பெயின்ட்.

"சார், சோதனைத் துண்டுக்கு எதுக்கு ஓட்டை?"

"மீந்துபோன இரும்பும்மா. வேலையைப் பாரு."

"நம்பர் எழுத சாக்பீஸ் இருக்கா?"

"நம்பர் எதுக்கு?"

"ஆறு பேர் போடுறோம். ஆறும் ஒரே தள்ளுவண்டியில போகுது. எது யாரோடதுன்னு எப்படித் தெரியும்?"

வெள்ளைத் தொப்பி சிரித்தார். "எங்களுக்குக் கண்ணு இருக்கும்மா."

அவளுக்குத் தெரிந்து, வெல்டிங்கில் கண்ணை நம்புகிறவன் யாரும் கிடையாது. மேலே மீன் செதில் போல அழகாக இருக்கும்; உள்ளே ஓட்டையாக இருக்கும். அதனால்தான் எங்கே தேர்வு வைத்தாலும் துண்டை வெட்டி, வளைத்து, உள்ளே பார்த்துத்தான் ஆளை எடுப்பார்கள். வெட்டிப் பார்க்காத தேர்வு, விடைத்தாளைத் திறக்காமல் மார்க் போடுவது மாதிரி.

"போன வாரம் நான் போட்டதை வெட்டிப் பார்த்தீங்களா சார்?"

"பார்த்தோமே. பிரமாதம்."

"எங்க வெட்டினீங்க?"

அவர் ஒரு கணம் நின்றார். "நடுவுலதான்."

போன வாரம் அவள் பற்றவைத்தது குழாயின் முனையில் ஒரு வட்டத் தகடு. நடுவில் வெட்டினால் வெறும் குழாய்தான் இருக்கும்.

அவள் முகமூடியை இறக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். கை அதன் பாட்டுக்குப் போனது. மனம் அதன் பாட்டுக்குக் கணக்குப் போட்டது. ஆறு மூலை. சனிக்கிழமைக்கு ஆறு. பின்பக்கக் கொட்டகையில் இதே நீல முனைக் குழாய்களை அடுக்கி வைத்திருந்ததை வரும்போதே பார்த்திருந்தாள்.

தண்ணீர்க் குழாயடியில் பக்கத்துத் தடுப்புக்காரர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நரைத்த தாடி, பொறி பட்டுக் கருகிய சட்டைக் காலர்.

"உங்களுக்கும் இன்னிக்குக் கடைசித் தேர்வாண்ணே?" என்று கேட்டாள்.

"எனக்குத் தேர்வெல்லாம் முடிஞ்சுது தங்கச்சி. பழைய இடத்துல லெட்டர் வாங்கிக் குடுத்து ஒரு மாசம் ஆச்சு. இப்போ பயிற்சியில இருக்கேன்."

"பயிற்சிக்குச் சம்பளம்?"

தாடிக்காரர் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டார். "முடிஞ்சதும் சேர்த்துத் தருவாங்களாம்."

"இருபது வருஷம் இரும்போட புழங்கின மாதிரி இருக்கீங்க. உங்களுக்கு என்ன பயிற்சி?"

"கிளறாதே" என்றார் மெதுவாக. "இருக்கிற கஞ்சியிலயும் மண்ணு விழுந்துடும். எனக்குத் திரும்பிப் போக இடமில்ல."

அவள் தன் தடுப்புக்கு வந்தாள். மூலை இன்னும் சூடாக இருந்தது. தன் கையால் செய்த வேலை. இதை வண்டியில் ஏற்றிவிட்டால் திங்கட்கிழமை விலகல் கடிதம் கேட்பார்கள். ஏற்றாவிட்டால் இரண்டு மடங்கு சம்பளமும் தரைத்தள வீடும் அந்த நிமிஷத்தோடு போயிற்று. அவள் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். அம்மா சொல்வது போல, பார்க்கிற கண்ணில்தான் கோளாறாகவும் இருக்கலாம்.

தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. இரும்பு வெட்டும் கிரைண்டரை எடுத்தாள். வெட்டுத் தகட்டை மாட்டினாள். துண்டை இறுக்கிப் பிடித்து, பற்றவைத்த மூலையின் குறுக்கே இறக்கினாள்.

அந்தச் சத்தம் கேட்டு வெள்ளைத் தொப்பி ஓடிவந்தார்.

"ஏய், ஏய்! என்ன பண்றே? காலையில லாரியில ஏறணும் அது!"

கிரைண்டர் நின்றது. பக்கத்தில் ஒவ்வொரு தடுப்பாகச் சத்தம் அடங்கியது.

"சோதனைத் துண்டு லாரி ஏறி எங்க சார் போகுது, மாமியார் வீட்டுக்கா?" என்று கடைசித் தடுப்பிலிருந்து ஒரு குரல் வந்தது. யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே செத்துப்போனது.

"சாம்பிள் அனுப்புறோம்ப்பா. சாம்பிள்" என்றார் வெள்ளைத் தொப்பி.

அவள் வெட்டிய முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை இல்லை, கருங்கோடு இல்லை. எது தகடு, எது குழாய் என்று பிரிக்க முடியாதபடி ஒன்றாகியிருந்தது. ஒரு குறை இருந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். வேலை கிடைக்காததற்குத் தன் கைதான் காரணம் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

வெள்ளைத் தொப்பி குரலை இறக்கினார். "கோவப்படாதம்மா. உன் கை தங்கமான கை. உனக்கு உத்தரவு நிச்சயம். திங்கட்கிழமை லெட்டரோட வா."

"இன்னிக்கு உத்தரவு குடுங்க சார். திங்கட்கிழமை லெட்டரோட வர்றேன்."

"அது இங்க வழக்கமில்ல."

"அப்படின்னா வர்றது எனக்கும் வழக்கமில்ல."

கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தாள். இரண்டு பேர் அவளோடு எழுந்தார்கள். தாடிக்காரர் எழவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. முகமூடியை இறக்கிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கேட்டைத் தாண்டும்வரை அந்தப் பொறிச் சத்தம் அவள் முதுகில் கேட்டது.

வீட்டில் சொன்னாள். அம்மா முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, "சரி விடு, படி ஏறினா ரத்த ஓட்டம் நல்லதாம்" என்றாள். தம்பி சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துத் தேர்வு வைத்த கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்து, அதிலிருந்த ஒரு காலண்டரையே உற்றுப் பார்த்தான்.

"உன்னுதா?" என்றாள்.

"தெரியலக்கா. நாங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுவோம்." மடிக்கணினியை மூடிக்கொண்டே, "உங்க இரும்பு பரவாயில்ல. வெட்டினா சொல்லிடுது" என்றான். பில் போடும் பக்கத்தை அன்று அவன் அனுப்பவில்லை.

திங்கட்கிழமை பட்டறையில் முதலாளி ஒரு கதவுச் சட்டத்தை அளந்துகொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"வயிறு எப்படிம்மா இருக்கு?"

"பரவாயில்ல முதலாளி."

"மூணு சனிக்கிழமை. மூணு தேர்வும் முடிஞ்சுதா?"

அவளுக்குக் காது சூடானது. "தெரியுமா?"

"பக்கத்துப் பட்டறை ஆளுங்க ரெண்டு பேர் அங்கதான் போனாங்க. ஒருத்தன் இன்னும் பயிற்சியில இருக்கான்னு கேள்வி."

"அப்போ எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

முதலாளி அளவு நாடாவைச் சுருட்டினார். "சொல்லியிருந்தா என்ன நினைச்சிருப்பே? உன்னைப் பிடிச்சு வச்சுக்கப் பொய் சொல்றேன்னு நினைச்சிருப்பே. வேற யாராவதா இருந்தா சொல்லியிருப்பேன். உன்கிட்டயா?"

நியாயம்தான் என்று தோன்றியது. உடனே இன்னொன்றும் தோன்றியது. அவள் அங்கே முட்டிக்கொண்டு திரும்பி வருவாள், வந்தால் சம்பளத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டாள் என்றும் இவர் காத்திருந்திருக்கலாம்.

"நல்ல வெல்டர் கிடைக்கலைன்னு ஊரே சொல்லுது முதலாளி. அந்த போர்டு பொய். ஆனா அந்தத் தேவை பொய் இல்ல."

"அதுக்கு?"

"ஆறு வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் சம்பளம் ஏத்தியிருக்கீங்க."

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவரும் சந்தேகப்படப் பழகியவர்தான். மூன்று சனிக்கிழமை பொய் சொன்னவள், நாலாவது சனிக்கிழமை உண்மையாகவே போய்விட்டால் என்ற கணக்கு அவர் நெற்றியில் ஓடியது.

"சரி. கால் பங்கு ஏத்தித் தர்றேன். அடுத்த மாசத்துலருந்து. போய் வேலையைப் பாரு."

அவள் நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"எழுதிக் குடுங்க முதலாளி."

"ஏம்மா, ஆறு வருஷப் பழக்கம்! என் வாய்ச்சொல் போதாதா?"

"போதும் முதலாளி. இருந்தாலும் எழுதிக் குடுங்க."

முதலாளி வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே ரசீதுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். எழுதி, கையெழுத்துப் போட்டு, நீட்டினார். அவள் வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் ஒருமுறை படித்தாள். தொகை சரியாக இருந்தது. திரும்பி வந்து தாளை மேசைமேல் வைத்தாள்.

"தேதி போடலையே" என்றாள்.